நான் தமிழில் சொல்லாத பாதி

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு ஒரு காலத்தில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தாராவியில் எங்கள் வரிசையில் யாருக்காவது ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டுமென்றாலும், ஊரிலிருந்து தந்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். நான் கையமர்த்தி, வாசித்து, "ஒண்ணுமில்ல, ஞாயித்துக்கிழம வண்டிக்கு வாறாவளாம்" என்பேன். உடனே அழுகை நின்று சிரிப்பு வரும். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் காகிதத்தில் இருப்பது. யாரும் சரிபார்த்ததில்லை, சரிபார்க்க ஆளும் கிடையாது. அந்த நம்பிக்கைக்கு ஒருமுறை நான் துரோகம் செய்தேன். வெளியாருக்கு இல்லை, என் அண்ணன் மனைவிக்கு.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அண்ணனுக்குக் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அப்பா ஊரிலேயே இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மாவையும் என்னையும் அண்ணன் பம்பாய்க்கு அழைத்து வந்தான். பிறகு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மதினி வந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் தமிழைத் தடையில்லாமல் வாசிப்பாள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாததை நான் விவரமின்மை என்று எடுத்துக்கொண்டேன். வாய் உள்ளவளுக்குத்தான் மூளையும் உண்டு என்று நினைக்கிற வயது அது.

நான் மெட்ரிக் முடித்ததும் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை பாக்கிங்கில் சேர்ந்தேன். தலைக்கு வெள்ளைத் தொப்பி, காலுக்குத் துணிச் செருப்பு, மேஜையில் உட்காருமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தச் சுத்தம் என் தலைக்கேறிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்குப் பாடம் நடத்துவேன். "இவ ஒருத்தி, ஆஸ்பத்திரிய இடுப்புல கட்டிக்கிட்டு அலையுதா" என்று அம்மா சொல்வாள். திட்டுவது போலத் தெரியும், ஆனால் பக்கத்து வீட்டில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மதினியின் தலைப்பிரசவம் முறைப்படி அவள் தாய்வீட்டில் நடந்தது. ஆண் பிள்ளை. நாலாம் மாதம் கொண்டுவந்து விட்டார்கள். கொழுகொழுவென்று இருந்தான், ஒரு சளி இருமல் கிடையாது. இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டுப் பொறுப்பு. அது பம்பாயில் என்று முடிவாயிற்று. அப்போதுதான் பிள்ளைத்துணிப் பெட்டி விஷயத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். பேர் வைக்கிற நாள்வரை பழந்துணிதான். பல தடவை துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்து விரிப்பார்கள். நூல்சேலையை நாலாக மடித்துப் போர்த்துவார்கள். மூத்த பிள்ளை நன்றாக இருந்தால் அது போட்ட சட்டையையே இளையதற்கும் போடுவார்கள், அதன் ஆயுசு இதற்கும் வரட்டும் என்று. ஏழாம் மாதத்திலிருந்தே அம்மா பழந்துணி சேர்க்கத் தொடங்கிவிட்டாள். ஊரில் என்றால் வெயிலில் காயப்போட்டு மூங்கில் கூடையில் வைத்தால் போதும். தாராவியில் ஆடி மாத மழையில் சுவரே வியர்க்கும். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் கரப்பான் ஓடும், துணியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும்.

மாட்டுங்காவில் என்னோடு படித்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு எப்போதாவது போவேன். அவள் அப்பா ஆபீசில் பெரிய குமாஸ்தா. அவர்கள் அலமாரியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். ஊரில் அதைப் பாச்சை உருண்டை என்பார்கள், பம்பாயில் டாம்பர் கோலி. வெள்ளை வெளேரென்று கோலிக்குண்டு மாதிரி மூலைக்கு மூலை உருண்டுகொண்டிருக்கும். பட்டுப்புடவை, கம்பளிச் சட்டை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். எனக்கு அது வசதியின் வாசனையாகப் பட்டது. எங்களுக்குப் பட்டும் கம்பளியும் இல்லாவிட்டால் என்ன, பழந்துணியாவது அந்த வாசனையோடு இருக்கட்டுமே என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பொட்டலம் வாங்கிவந்து அம்மாவின் பெட்டியில் போட்டேன்.

மழைக்காலத்தில் குழந்தை பிறந்தது. அதுவும் ஆண். முனிசிபாலிட்டி பிரசவ விடுதியிலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, நானே துணியை உதறி விரித்தேன். "மண்ட இடிக்கி இந்த வாட. ஒருக்க அலசிப் போட்டுக்கிடுதேனே" என்று மதினி கேட்டாள். "அலசி எங்க காயப்போடுவிய, மழையிலயா? ஈரத்துணி போட்டா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று நான் மடக்கினேன். அவள் அந்தத் துணியிலேயே பிள்ளையைக் கிடத்தினாள்.

மறுநாள் பிள்ளையின் கண் மஞ்சளித்தது. பிறந்த பிள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சள் வருவது வழக்கம்தான், இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று அம்மா சொன்னாள். அந்த வாரம் பம்பாயில் வெயில் எட்டிப்பார்க்கவேயில்லை. வேட்டித்துண்டில் பிள்ளை மூத்திரம் போன இடமெல்லாம் பால் விடாத டீ கொட்டியதுபோலக் கறை பிடித்தது. ஆறாம் நாள் பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்ளே போன பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் வெளியே கொடுத்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமே. அம்மா கிரகம் என்றாள். நான் படித்தவள், கிரகம் சொல்லலாமா? "அவுகளுக்குச் சுத்தம் பத்தாது. கை கழுவாமப் பிள்ளையத் தொட்டா இப்படித்தான்" என்றேன். மதினி இரண்டடி தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி, சேலைத் தலைப்பை மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும் என்று தெரிந்துதான் சொன்னேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து மதினி மறுபடி உண்டானாள். இந்தத் தடவை ஒரு குறையும் வரக்கூடாது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். பெட்டியைத் துடைத்துக் காகிதம் விரித்தேன். ஒவ்வொரு மடிப்புக்கு நடுவிலும் கோலி வைத்தேன். முன்பு ஒரு பொட்டலம் போட்ட இடத்தில் இப்போது மூன்று. பெட்டியைத் திறந்தால் கண் எரியும். பாசத்தில்தான் செய்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, உண்மையிலேயே பாசத்தில்தான் செய்தேன். பிறக்கப்போகிற பிள்ளைக்காக அவ்வளவு ஆசையாக நான் வேறெதையும் செய்ததில்லை.

பிறந்தது மறுபடியும் ஆண். விடுதியிலிருந்து வந்த மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மதினி பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண்ணிமையை விரலால் பிதுக்கிப் பார்த்தாள். பிறகு துணியில் இருந்த கறையைப் பார்த்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பச்சை உடம்போடு பெரிய ஆஸ்பத்திரியைப் பார்க்க நடக்கத் தொடங்கிவிட்டாள். "ஏட்டி, அவ பின்னால ஓடு" என்று அம்மா கத்தினாள். நான் ஓடினேன். ரோட்டைத் தாண்டுகிறவரை அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

குழந்தைகள் பிரிவில் ஒரு பார்சி டாக்டரம்மா இருந்தாள். குட்டை முடி, மூக்குக்கண்ணாடி, சேலைமேல் வெள்ளைக் கோட்டு. பிள்ளையை வாங்கியவள் முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நின்றாள். துணியை மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு நர்சைப் பார்த்து ஏதோ அதட்டினாள். நர்ஸ் துணியை உருவியெடுத்து வராந்தாவுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். டாக்டரம்மா என்னிடம் ஆங்கிலத்தில், "இந்தத் துணியை டாம்பர் கோலி போட்டு வைத்திருந்தீர்களா?" என்று கேட்டாள். "ஆமாம், நான்தான் வைத்தேன், மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கினேன்" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையின் ரத்தத்தைத் தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த அளவுக்கு வேறு ரத்தம் ஏற்றினார்கள். அண்ணன் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து ரத்தம் கொடுத்தான். அன்று முழுக்க உயிர் நிற்குமா நிற்காதா என்றே தெரியவில்லை. மூத்தவனையும் கூட்டிவரச் சொல்லி அவன் விரலில் குத்தி ஒரு துளி எடுத்துக்கொண்டார்கள். ரெண்டாம் நாள் மத்தியானம் பிள்ளை அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மதினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தா பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். வீட்டில் விளக்கிச் சொல்லக்கூடியவள் நான்தான் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள். நிதானமாகச் சொன்னாள். கடற்கரையில் வைத்த இரும்பு துருப்பிடிப்பதுபோல ரத்த அணுக்களையும் துரு அரிக்கப் பார்க்கும். எல்லார் ரத்தத்திலும் அந்தத் துருவைத் தடுக்கிற சத்து ஒன்று உண்டு. சில பேருக்குப் பிறவியிலேயே அது குறைவு. தாய் வழியாக வரும், ஆண் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கும், தாய் நன்றாகவே இருப்பாள். "எங்கள் ஆட்களிலும் இது நிறையப் பேருக்கு இருக்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனால் இந்த ரத்தம் தானாகக் கெடாது. உங்கள் மூத்தவனுக்கும் இதே குறைதான், நேற்றுப் பார்த்துவிட்டோம். அவன் ஓடியாடி விளையாடுகிறான் இல்லையா? ஏதாவது ஒன்று போய்க் கிளறிவிட வேண்டும். இங்கே கிளறிவிட்டது அந்தக் கோலி. அதன் நெடி மூச்சிலும் தோலிலும் ஏறிப் பச்சைப் பிள்ளையின் ரத்தத்தை உடைத்துவிட்டது. முன்பு ஒரு குழந்தை போயிற்று என்றீர்களே, அதுவும் பெரும்பாலும் இதனால்தான்."

மூத்தவன் ஊரில் பிறந்தவன். அங்கே அவன் துணி மூங்கில் கூடையில்தான் இருந்தது, கோலி கிடையாது. டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் கணக்கு எனக்கு விளங்கிவிட்டது. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே தாய். இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் என் பெட்டி.

கீழே வாசல் மரத்தடியில் அம்மாவும் அண்ணனும் காத்திருந்தார்கள். இரண்டு மாடிப் படி இறங்க வேண்டும். சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கத் தொடங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. செத்த பிள்ளைக்காக மதினியைப் பற்றி நான் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. இனி இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். அடிவரை வருவதற்குள் வேறு ஒருத்தியாக மாறிவிட்டிருந்தேன்.

"என்னட்டி சொன்னாவ?" என்றாள் அம்மா.

"பிள்ளை பொழச்சுக்கிடும். ரத்தத்துல பிறவிக் குறையாம். துருப் பிடிக்கிற ரத்தம்."

"எங்கயிருந்துட்டி வந்துச்சு நம்ம பிள்ளைக்கு?"

"தாய் வழியா வருமாம்."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பட்டறைக்காரனான அண்ணன் துரு என்றதும் புரிந்துகொண்டதுபோலத் தலையை ஆட்டினான். "எண்ணெய் போட்டாத் துருப் பிடிக்காதே, அது மாதிரி மருந்து எதுவும் இல்லியாமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அவ தாய்மாமன் ஒருத்தன் காமாலையிலதான் போனான்னு கல்யாணத்தப்பமே சொன்னாவ. நாந்தான் காதுல வாங்கல" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, இந்தப் பிள்ளைக்கு எதெல்லாம் ஆகாது என்று டாக்டரம்மா ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். அஞ்சு வரி. மலேரியாவுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், சல்பா மருந்து, இன்னும் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி டாம்பர் கோலி. அதைத் தமிழில் எழுதி மதினியிடம் கொடுக்கும் பொறுப்பும் எனக்குத்தான். அடுப்பு மேடையில் காகிதத்தை வைத்து முத்து முத்தாக எழுதினேன். நாலு வரி எழுதினேன். ஆங்கிலச் சீட்டை மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மதினி நாலு வரியையும் வாசித்தாள். பிறகு காகிதத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

பெட்டியிலிருந்த கோலிகளை வழித்தெடுத்து மாஹிம் உப்பங்கழியில் கொட்டிவிட்டு வந்தேன். துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூன்று தடவை துவைத்தேன். இனி ஆபத்து இல்லை, அப்புறம் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்பது சரிதான். மதினிக்கு இருந்தது.

அம்மா கெட்டவள் இல்லை. பேரன் செத்த துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் மூன்று வருஷம் சுமந்தவள். நான் இடம் காட்டிக் கொடுத்தேன். "துருப்பிடிச்ச வம்சம்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மதினி வைத்த குழம்பில் உப்புக் கூடினாலும் அந்தச் சொல், அவள் கையிலிருந்து தம்ளர் நழுவினாலும் அந்தச் சொல். இன்னொரு பிள்ளை உண்டானால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கடைசியில் மதினி கைக்குழந்தையோடு கொஞ்ச நாள் ஊரில் இருக்கட்டும், மூத்தவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான், அவன் இங்கே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். "அவனாவது நம்ம ரத்தம்" என்றாள் அம்மா. அவனுக்கும் அதே குறைதான் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. அதையும் சொன்னால் கேள்வி நீளும், கோலிவரைக்கும் நீளும் என்று அதையும் விழுங்கிவிட்டேன்.

போரிபந்தர் ஸ்டேஷனில் மதராஸ் வண்டி கிளம்பும்போது மூத்தவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை, கம்பியை விடவும் இல்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவள் நான். மதினி உள்ளேயிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பொண்டாட்டியை வெறுக்கவில்லை. அம்மா சொன்னால் தட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் என்றது ஒரு வருஷமாயிற்று, அதற்கு மேலும் போயிற்று. மூத்தவனை நான் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். முனிசிபாலிட்டிக்காரர்கள் வரிசையாக நிறுத்தி மலேரியாக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தபோது, என்ன மாத்திரை என்று கேட்டு வாங்கிப் பார்த்து, அவன் வாயிலிருந்து துப்ப வைத்தேன். பக்கத்து வீட்டில் யாராவது பெட்டி திறந்தால் அவனை வெளியே அனுப்பிவிடுவேன். "இவளுக்குப் பிள்ளைப் பைத்தியம் பிடிச்சிட்டு, சீக்கிரம் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்" என்று அம்மா சிரித்தாள். இப்படி நாலு நல்லது செய்தால் ஒரு கெட்டது கழிந்துவிடும் என்று உள்ளுக்குள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாதம் ஒருமுறை அம்மா சொல்லச் சொல்ல மதினிக்கு இன்லண்ட் லெட்டர் எழுதுவேன். இங்கு யாவரும் நலம், அங்கு பிள்ளைக்கு நலமா என்று தொடங்கும். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அங்கே இரண்டு வரி எழுதிவிட்டால் போதும். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். பிறகு 'இப்படிக்கு' என்று போட்டு ஒட்டிவிடுவேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒத்திப்போட்டேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கல்யாணம் முடியட்டும், பிறகு அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் முடிவே செய்துவிட்டேன்.

அம்மா அதுவரை இருக்கவில்லை. ஒரு காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். டாக்ஸி வருவதற்குள் முடிந்துவிட்டது.

தந்தி கொடுத்து மூன்றாம் நாள் மதினி வந்து சேர்ந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். அம்மா படுக்கிற இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நடிப்பாக எனக்குத் தெரியவில்லை. மூத்தவன் என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். மதினி கை நீட்டியதும் என் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அத்த, தண்ணி வேணும்" என்றான் என்னிடம். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

சின்னவனுக்கு இரண்டு வயது. நல்ல களை, அண்ணன் மூக்கு. தரையில் உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். கை தட்டினேன். அவன் மூடியை உருட்டிக்கொண்டே இருந்தான். "அவனுக்குக் காது கேக்காது" என்றாள் மதினி, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல. பிறந்தபோது வந்த மஞ்சள் தலைக்கேறினால் இப்படி ஆகலாம் என்று திருநெல்வேலியில் ஒரு டாக்டர் சொன்னாராம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆனாலும் பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை வாய் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, மத்தியான வெயிலில் வாசலில் மதினி சோறு வடித்த பெரிய போணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, கோலி, மாடிப்படி, அஞ்சு வரிச் சீட்டு, எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ளா" என்றாள்.

"எப்படி மதினி?"

"நீ அன்னைக்கு மறுநா வேலைக்குப் போயிட்டல்லா? டாக்டரம்மா வந்து எங்கிட்டயும் எல்லாஞ் சொன்னாவ. இந்தியிலதான். அதுக்கு முந்தி ஆறு வருசம் இந்த ஊர்க் குழாயடியில தண்ணி பிடிச்சவ, எனக்கு இந்தி தெரியாதா? எதெது ஆகாதுன்னு அஞ்சு வெரலையும் மடக்கி மடக்கிச் சொன்னாவ. நீ எழுதித் தந்த சீட்டுல நாலுதான் இருந்திச்சு."

ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற கர்வத்தில், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் தெருவில் புழங்கும் ஒரு பாஷை இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அப்பமே ஏன் சொல்லல மதினி? அம்மா உங்கள அந்தப் பேச்சுப் பேசும்போது..."

"நான் சொன்னா யாரு நம்புவா? படிச்ச பிள்ள மேல பழி போடுதாம்பாவ. நீ சொன்னாத்தான் நிக்கும். நீயாச் சொல்லுவேன்னுதான் இருந்தேன். ஒன் கடுதாசி வாரப்பல்லாம் மொதல்ல அடியிலதான் பாப்பேன்."

நான் அவள் காலைத் தொட்டேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தூக்கிவிடவும் இல்லை. கை முழுக்கச் சாம்பலோடு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட எதுக்குளா சொல்லுத?" என்றாள். "நாந்தான் முன்னமே தெரிஞ்சவ. அத்தைக்கிட்டல்லா சொல்லிருக்கணும். எம் பிள்ளைய நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டேல்லா அவிய போயிட்டாவ."